ஜன்னல் கம்பியில போன தொங்கவிட்டு நெட் பாக்குறவங்களுக்கு விவால்டி பிரௌசர்: முழுமையான வழிகாட்டி

எங்க வீட்டுல நெட் வேணும்னா போன ஒரு சொப்பிங் பேக்ல போட்டு ஜன்னல் கம்பியில தொங்கவிடணும், அதுவும் தேயில மலை பக்கம் இருக்குற ஜன்னல்ல மட்டும்தான், ரோட்டு பக்க ஜன்னல்ல தொங்கவிட்டா ஒரு கோடு கூட வராது. இலங்கையில மஸ்கெலியாவுக்கு மேல இருக்குற தேயில தோட்டம், வானம் தெளிஞ்சா கீழ மவுசாக்கலை தண்ணி தெரியும், மத்த நாளெல்லாம் மேகம்தான். டிசம்பர் போயாவோட (பௌர்ணமி) சிவனொளிபாதமலை யாத்திர சீசன் தொடங்குனா மே மாசம் வெசாக் வரைக்கும் நல்லதண்ணி பக்கம் சனம் குவிஞ்சிரும், சனிக்கிழம ராவுல போன்ல நாலு கோடு காட்டும் ஆனா ஒரு பக்கமும் தொறக்காது. அந்த போன்ல ஹொட்ஸ்பொட் போட்டுத்தான் 4 ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய லெப்டொப்ல நான் வேல பாக்குறேன், தங்கச்சி ஏஎல் (உயர்தரம்) படிக்கிறா, பக்கத்து லயத்து (தோட்டத்து வரிச வீடு) புள்ளைங்க ரெண்டு மூணு பேரும் அசைன்மென்ட் செய்யணும்னு வந்து ஒக்காந்துக்குவாங்க.

பிரௌசர் பத்தி வீடியோ போடுறவங்க எல்லாம் கலர் மாத்துறது, தீம் மாத்துறதுன்னு காட்டுறாங்க, அவங்க வீட்டுல வைஃபை சொட்டாம ஓடுது போல. நமக்கு கேள்வி வேற. டேட்டா எவ்வளவு தின்னும், சிக்னல் போனா என்னாகும், காத்துக்கு மரம் விழுந்து கரண்ட் போனா தொறந்து வச்சதெல்லாம் திரும்ப வருமா. இந்த மூணு கேள்விய கையில வச்சிக்கிட்டு நாலஞ்சு பிரௌசர் மாத்தி மாத்தி போட்டு பாத்து கடைசியா விவால்டியில நின்னுட்டேன். உலகத்துக்கு இது புதுசு இல்ல, மொத வெர்ஷன் 2016 ஏப்ரல்ல வந்தது. ஆனா எங்க பக்கம் பத்து பேர்கிட்ட கேட்டா ஒம்போது பேர் பேரே கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க, அதனால புதுசுன்னே வச்சிக்குவோம்.

இது யாரோட வேல

பட்டன் போன் காலத்துல 50 ரூவா ரிலோட் (ரீசார்ஜ்) போட்டுட்டு ஓபரா மினியில ஒரு வாரம் ஓட்டுனவங்களுக்கு இந்த கத புடிக்கும். ஓபரா மினி 2005ல நோர்வேயில தொடங்கி அடுத்த வருஷம் எல்லா நாட்டுக்கும் வந்துச்சு, நம்ம கேக்குற பக்கத்த அவங்க சேர்வர்ல வாங்கி நல்லா சுருக்கி சின்ன பொட்டலமா அனுப்பும், அதனாலதான் அந்த ஈனமான சிக்னல்லயும் பக்கம் தொறந்துச்சு. அந்த ஓபரா கம்பனிய ஆரம்பிச்ச ஆக்கள்ல ஒருத்தர் யோன் வொன் டெட்ச்னர், ஐஸ்லாந்துக்காரர். 2011ல கம்பனிய விட்டு வெளிய வந்துட்டு பொறகு அவர் ஆரம்பிச்சதுதான் விவால்டி. ஓபராவுக்கு அடுத்து இசையமைப்பாளர் விவால்டி பேர வச்சிருக்காரு, மனுசன் பாட்ட விடல.

ஒண்ண மொதல்லயே சொல்லிடுறேன், ஏமாந்துற வேணாம். விவால்டி ஓபரா மினி மாதிரி டேட்டாவ சுருக்காது. குரோம்ல லைட் மோட்னு ஒண்ணு இருந்துச்சே, கூகிள் சேர்வர்ல சுருக்கி தர்றது, அதையும் 2022ல எடுத்துட்டாங்க. விவால்டி வேற வழியில மிச்சம் புடிக்குது: தேவையில்லாதத எடுக்கவே எடுக்காம இருக்க வைக்கலாம். விளம்பரம் எடுக்காத, படம் எடுக்காத, தொறந்து வச்சிருக்குற இருவது டேபையும் ஒரே நேரத்துல எடுக்காத. இந்த மூணையும் சரியா செட் பண்ணிட்டா போதும், கீழ எழுதுறதுல பாதி அதுதான்.

உள்ளுக்குள்ள ஓடுற எஞ்சின் குரோமியம், குரோம்ல இருக்குற அதே சாமான். அதனால குரோம்ல தொறக்குற தளம் எல்லாம் இதுலயும் தொறக்கும், குரோம் எக்ஸ்டென்ஷனும் (பிரௌசரோட சேத்து போடுற சின்ன சாமான்) போடலாம்.

மொத வேல: இறக்கி போடுறது

விவால்டி டொட் கொம் போய் டவுன்லோட் அமத்துங்க. பைல் 100 எம்பிக்கு மேல போகும், அதனால பகல் டேட்டாவுல கை வைக்காதீங்க, நைட் டேட்டா இருக்குற பெக்கேஜ்னா ராவு 12க்கு பொறகு போடுங்க. இல்லன்னா டவுனுக்கு போற நாள்ல ஒரு கொமியூனிகேஷன் கடையில பென் டிரைவ்ல ஏத்திக்கிட்டு வாங்க, இன்ஸ்டோல் பண்ற பைல் முழுசாவே இருக்கும், வீட்டுக்கு வந்து திரும்ப டேட்டா கேக்காது.

வின்டோஸ் 10 அல்லது அதுக்கு மேல வேணும். வின்டோஸ் 7 இன்னும் ஓடுற மெஷின் எங்க தோட்டத்துலயே மூணு இருக்கு, அதுக்கு புது வெர்ஷன் கெடைக்காது. இது விவால்டி மேல உள்ள குத்தம் இல்ல, குரோமே 2023ல 109வது வெர்ஷனோட வின்டோஸ் 7, 8 ரெண்டையும் கைவிட்டுருச்சு, அதே எஞ்சின்ல ஓடுற எல்லாத்துக்கும் அதே கதிதான்.

இன்ஸ்டோல் பண்ணும்போது அட்வான்ஸ்டுன்னு ஒண்ணு இருக்கும், அத அமத்துனா ஸ்டேண்ட்அலோன்னு ஒரு வழி காட்டும். அத தெரிவு செஞ்சு பென் டிரைவ் போல்டர காட்டுனா முழு பிரௌசரும் பென்லயே ஒக்காந்துரும், ஒங்க புக்மார்க் எல்லாம் அதோடயே வரும். ஒரே கொம்பியூட்டர நாலு வீடு பாவிக்கிற எடத்துல இது நல்லா ஒதவும். பென் மட்டும் கொஞ்சம் நல்லதா வாங்குங்க, பஸ் ஸ்டேண்ட்ல விக்கிற பென்ல போட்டா தொறக்குறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிரும்.

மொத தடவ தொறக்கும்போது கேக்குற கேள்விங்க

வரிசையா சில கேள்வி கேக்கும். குரோம்ல இருந்து புக்மார்க் கொண்டு வரவான்னு கேக்கும், ஆமான்னு சொல்லுங்க. எசென்ஷியல்ஸ், கிளாசிக், ஃபுல்லி லோடட்னு மூணு மட்டம் காட்டும், அதுல கிளாசிக் எடுங்க. மூணாவது மெயில், கலண்டர் எல்லாத்தையும் சேத்து இழுத்துக்கிட்டு வரும், 4 ஜிபி ரேம் மெஷினுக்கு அது கூடாது. டிராக்கர் (நம்ம எந்தெந்த தளத்துக்கு போறோம்னு பின்னாடியே பாக்குறது), விளம்பரம் தடுக்கவான்னு ஒரு கேள்வி வரும், அதுதான் முக்கியம், அத தனியா சொல்றேன்.

மெனு எங்கன்னு தேடாதீங்க, எடது பக்கம் மேல மூலையில விவால்டி அடையாளம் இருக்கும், அத அமத்துனா எல்லாம் உள்ளுக்குள்ள இருக்கு. செட்டிங்ஸ் நேரா வேணும்னா கன்ட்ரோல் புடிச்சிக்கிட்டு எஃப்12. எது எங்க இருக்குன்னு வெளங்கலன்னா எஃப்2 அமத்துங்க, நடுவுல ஒரு பெட்டி வரும், வேணும்ங்கிறத டைப் பண்ணா அதுவே தேடி குடுக்கும். நான் மெனுவ தொட்டு மாசக்கணக்கு ஆவுது, எல்லாம் எஃப்2தான்.

விளம்பரத்த அடைக்கிறது

மூணு மட்டம் இருக்கு: ஒண்ணும் தடுக்காதது, டிராக்கர மட்டும் தடுக்குறது, டிராக்கரோட விளம்பரத்தையும் தடுக்குறது. மூணாவத போடுங்க. செட்டிங்ஸ்ல பிரைவசி பக்கம் போனா பொதுவா மாத்தலாம், அட்ரஸ் எழுதுற எடத்துக்கு பக்கத்துல ஒரு கேடயம் மாதிரி அடையாளம் இருக்கும், அத அமத்தி ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாவும் மாத்தலாம்.

இதுல எனக்கு புடிச்ச விசயம் இது உள்ளுக்குள்ளயே செஞ்சு வச்சது, எக்ஸ்டென்ஷன் இல்ல. குரோம்ல விளம்பரம் தடுக்குற பழைய எக்ஸ்டென்ஷன்கள கூகிள் ஒண்ணொண்ணா நிறுத்திக்கிட்டு வந்துச்சு, புது விதிக்கு ஏத்த மாதிரி இல்லன்னு சொல்லி, அந்த அடி இதுக்கு விழாது. 2020லயே உள்ளுக்குள்ள வச்சு குடுத்துட்டாங்க.

நம்ம ஊர் செய்தி தளம் ஒண்ண தொறந்து பாத்தீங்கன்னா தெரியும், நாலு வரி செய்திக்கு மேல ஒரு வீடியோ, கீழ ரெண்டு ஆடுற படம், ஓரத்துல ஒண்ணு, நடுவுல பாஞ்சு வர்றது ஒண்ணு, அத்தனைக்கும் நம்ம ரிலோட் காசுதான் போகுது. கேடயத்த போட்டுட்டு தொறந்தா செய்தி மட்டும் வரும்.

ஆனா சில தளம் இதுக்கு மல்லுக்கட்டும். காசு கட்டுற பக்கம், பேங்க் பக்கம், விண்ணப்பம் அனுப்புற பக்கம் பட்டன அமத்தியும் ஒண்ணும் நடக்கலன்னா மொதல்ல கேடயத்த அமத்தி அந்த தளத்துக்கு மட்டும் தடுக்குறத எடுத்துட்டு பக்கத்த திரும்ப தொறந்து பாருங்க. சிக்னல பொறகு திட்டலாம்.

படத்த நிறுத்துறது, அதுல நான் பட்ட பாடு

பிரௌசரோட அடி பக்கத்துல ஒரு மெல்லிய பட்டி இருக்கு, ஸ்டேட்டஸ் பார்னு சொல்லுவாங்க. அதுல படம் போட்ட ஒரு சின்ன அடையாளம் இருக்கும். அமத்துனா மூணு வழி: எல்லா படத்தையும் எடு, ஏற்கனவே எடுத்து வச்சத மட்டும் காட்டு, படமே வேணாம். கீழ ஆடுற படத்துக்கும் தனியா ஒண்ணு இருக்கும், ஒரு தடவ ஆடிட்டு நிக்கட்டும், இல்லன்னா ஆடவே வேணாம்னு சொல்லலாம்.

இது பாக்குறதுக்கு சின்ன சாமான், ஆனா எங்க வீட்டுல டேட்டா மாசக்கடைசி வரைக்கும் வர்றதுக்கு இதுதான் காரணம். வாசிக்கிறதுக்கு மட்டும் ஒரு பக்கம் தொறக்குறோம்னா படம் எதுக்கு. நான் ரெண்டாவத வச்சிருக்கேன், ஏற்கனவே எடுத்த படம் மட்டும் வரும், அடிக்கடி போற தளம் மூளியா தெரியாது. எல்லா பக்கத்துக்கும் பொதுவா மாத்தணும்னா செட்டிங்ஸ்ல வெப்பேஜஸ் பிரிவுல இருக்கு.

பாடு என்னன்னா, ஒரு நாள் நான் படமே வேணாம்னு போட்டுட்டு கொழுந்து நிறுக்குற எடத்துக்கு அம்மாவ பாக்க போயிட்டேன், தங்கச்சி ஏதோ ஒரு தளத்துல லொகின் பண்ண போயிருக்கா.

"அண்ணே, எழுத்து பாத்து எழுத சொல்லுது, எழுத்தே வருதில்ல" னு போன் எடுத்தா.

"சிக்னல் இல்ல புள்ள, போன கொஞ்சம் மேல தொங்கவிடு" ன்னேன்.

போன ஜன்னல்ல இருந்து எடுத்து கூர பக்கம் கட்டி, கீழ எறக்கி, வெளிய கொண்டு போய் கோழிக்கூடு மேல வச்சு, முக்கா மணித்தியாலம். நான் வந்து பாத்தா கேப்சா பெட்டி வெள்ளையா கெடக்கு. படத்த நிறுத்துனா கேப்சாவும் படம்தானே, அதுவும் வராது. அடிப்பட்டியில ஒரு அமத்து அமத்துனதும் வந்துருச்சு. தங்கச்சி என்னைய பாத்த பார்வைய இங்க எழுத ஏலாது. அதனால லொகின் பண்ற பக்கத்துக்கு போறப்போ அந்த அடையாளத்த ஒருக்கா பாத்துக்கோங்க.

டேப்: தூங்க வைக்கிறது, அடுக்குறது, கரண்ட் போனா மீட்குறது

மொதல்ல செட்டிங்ஸ்ல ஸ்டார்ட்அப் போய் லாஸ்ட் செஷன் போட்டுக்கோங்க. கரண்ட் போய் லெப்டொப் செத்தாலும் (எங்க பெட்டரி ஏழு நிமிஷம்தான் தாங்கும்) திரும்ப தொறக்கும்போது அதே டேப் எல்லாம் அதே வரிசையில வரும். ஆனா அப்டியே விட்டா இருவது டேபும் ஒரே நேரத்துல டேட்டா கேக்கும், அந்த ஒத்த கோடு சிக்னல்ல ஒண்ணுமே தொறக்காம எல்லாம் சுத்திக்கிட்டே நிக்கும். அதுக்குத்தான் லேசி லோட்னு ஒரு அமைப்பு இருக்கு, திரும்ப வர்ற டேப்ப நீங்க தொட்டா மட்டும்தான் அது பக்கத்த எடுக்கும், தொடாதது சும்மா பேர் மட்டும் காட்டிக்கிட்டு கெடக்கும். அது டிக் ஆகி இருக்கான்னு பாருங்க. கன்ட்ரோல் எஃப்12 அமத்துனா வர்ற செட்டிங்ஸ் பக்கத்துல தேடுற பெட்டி இருக்கு, லேசின்னு அடிச்சா காட்டும்.

ஓடிக்கிட்டு இருக்கும்போது ரேம் நெரம்பி லெப்டொப் விசிறி கத்த தொடங்குனா, ஒரு டேப் மேல ரைட் கிளிக் பண்ணி ஹைபர்னேட் பேக்கிரவுண்ட் டேப்ஸ் அமத்துங்க, நீங்க பாக்குறத தவிர மத்ததெல்லாம் தூங்கிரும், ரேம் கெடைக்கும். ஒண்ணு கவனம், தூங்குன டேப்ப திரும்ப தொட்டா அது பக்கத்த மறுபடி எடுக்கும், அதனால பாதி நெரப்புன போர்ம் உள்ள டேப்ப தூங்க வைக்காதீங்க, எழுதுனது போயிரும்.

அடுக்குறது சுகமான வேல: ஒரு டேப்ப புடிச்சு இன்னொண்ணு மேல போட்டா ரெண்டும் ஒரே அடுக்கா சேந்துக்கும். தங்கச்சிக்கு புவியியல் ஒரு அடுக்கு, தமிழ் ஒரு அடுக்கு, என் வேல ஒரு அடுக்கு. இதையும் தாண்டி வேர்க்ஸ்பேஸ்னு 2023ல குடுத்தாங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனி மேச மாதிரி, அவ பக்கத்துக்கு போனா என்னோட டேப் ஒண்ணும் தெரியாது. ஒரு லெப்டொப்ப பிச்சிக்கிற வீட்டுல சண்ட பாதி கொறையும். ஆனா அது ரகசியமா வைக்கிற எடம் இல்ல, ஒரு கிளிக்ல அடுத்தவர் பக்கத்துக்கு போகலாம், லொகினும் எல்லாருக்கும் ஒண்ணுதான். தனி லொகின் வேணும்னா தனி புரொபைல் செய்யணும்.

ரெண்டு பக்கத்த பக்கத்துல பக்கத்துல வைக்கிறது

இது டைலிங். கன்ட்ரோல் புடிச்சிக்கிட்டு ரெண்டு டேப்ப கிளிக் பண்ணி, பொறகு கன்ட்ரோல் எஃப்9 அமத்துங்க, திர ரெண்டா பிரிஞ்சு எடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணு வரும். எஃப்8 போட்டா மேல கீழ, எஃப்7 போட்டா நாலு டேப்ப கட்டம் கட்டமா வைக்கும்.

இதோட அரும தெரியணும்னா பல்கலைக்கழகத்துக்கு சேர யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) ஒன்லைன் விண்ணப்பம் போட்டு பாருங்க. பக்கத்து லயத்து தம்பி ஒருத்தனுக்கு நான்தான் ஒக்காந்து போட்டு குடுத்தேன். அந்த கைநூல் ஒரு தடிச்ச பிடிஎஃப், அதுல ஒவ்வொரு பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேத்து ஒரு யூனிகோட் இலக்கம் இருக்கும் (நம்ம தமிழ் டைப் பண்ற யூனிகோட் இல்ல, பேர் ஒத்துப்போச்சு, அந்த தம்பி பாமினிங்கிற பழைய தமிழ் எழுத்துருவ மாத்தணுமான்னு கேட்டான்). அத ஒண்ணொண்ணா பாத்து விருப்ப வரிசையில போடணும். அதோட போன வருஷத்து இசட் ஸ்கோர் (ஏஎல் புள்ளிய வச்சு கணக்கு பண்றது) வெட்டுப்புள்ளியையும் பாக்கணும், கூடுதலான பாடநெறிக்கு 40 வீதம் நாடு முழுக்க திறமை அடிப்படையில, 55 வீதம் மாவட்ட அடிப்படையில, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குன்னு எடுக்குறதால நம்ம நுவரெலியா நெரல பாக்கணும், கொழும்பு நெரல பாத்து பயந்துறக் கூடாது. முன்னாடி இதெல்லாம் ஒரு பக்கத்துல பாத்து, கொப்பியில எழுதி, அடுத்த பக்கத்துக்கு போய் டைப் பண்ணி, ஒரு இலக்கம் மாறுனா வேற எங்கயோ போயிரும். இப்ப எடது பக்கம் பிடிஎஃப், வலது பக்கம் விண்ணப்பம், கண்ணால பாத்து கையால போட்டோம். பொறகு அவங்க அப்பா பக்கத்துல நின்னு ஒரு தடவ வாசிச்சு சரி பாத்தாரு, அவருக்கு இங்கிலிஷ் தெரியாது, ஆனா இலக்கம் வாசிப்பாரு, ஒரு பிழைய அவர்தான் புடிச்சாரு.

காட்டுறதுக்கு ஆதாரம் வேணும்னா

அடிப்பட்டியில கெமரா அடையாளம் இருக்கு. அத அமத்துனா முழு பக்கத்தையும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே படமா எடுக்கும், இல்லன்னா ஒரு துண்ட மட்டும் வெட்டி எடுக்கலாம். விண்ணப்பம் அனுப்புனதும் வர்ற இலக்கம், காசு கட்டுனதும் வர்ற ரசீது, இதெல்லாம் வந்த நிமிஷமே எடுத்துருங்க, பொறகு எடுக்கலாம்னு விட்டா அடுத்த நிமிஷம் சிக்னல் போயிரும்.

எழுத்து மட்டும் வேணும்னா அத செலக்ட் பண்ணி ரைட் கிளிக்ல நோட்டுக்கு கொப்பி பண்ணலாம், எந்த பக்கத்துல இருந்து எடுத்ததுன்னு அட்ரஸும் சேந்து ஒக்காந்துக்கும், நெட் இல்லாதப்பவும் வாசிக்கலாம். தங்கச்சி ஒரு வருஷ பாடக்குறிப்ப இப்படித்தான் சேத்து வச்சிருக்கா. மவுஸ் ஜெஸ்சர்னு ஒண்ணும் இருக்கு, ரைட் பட்டன புடிச்சிக்கிட்டு மவுச கீழ இழுத்தா புது டேப், எடது பக்கம் இழுத்தா முந்தின பக்கம். மவுஸ் இருக்குறவங்களுக்கு நல்லம், டச்பேட்ல கை வலிக்கும்.

ரிசல்ட் நாள்

டேப் மேல ரைட் கிளிக் பண்ணா பீரியாடிக் ரிலோட்னு இருக்கும், நேரத்த தெரிவு செஞ்சா அந்த டேப் அத்தன நேரத்துக்கு ஒருக்கா தானா ரிலோட் ஆகும். பரீட்ச திணைக்களத்து பக்கத்த ரிசல்ட் வர்ற ராவுல எஃப்5 எஃப்5னு அமத்திக்கிட்டு இருக்குறதுக்கு பதிலா இத போட்டுட்டு தூங்கலாம். ஆனா சும்மா பத்து செக்கனுக்கு ஒருக்கா போட்டீங்கன்னா ஒங்க டேட்டாவும் போகும், எல்லாரும் அப்டி போட்டா அந்த சேர்வரும் படுத்துரும், கொஞ்சம் கூட்டி வைங்க. போர்ம் நெரப்புற டேப்ல இத போட்டுறாதீங்க, ஏன்னு நான் சொல்ல தேவையில்ல.

தமிழ் எழுத்து

யூனிகோட்ல எழுதுன பக்கம் எல்லாம் பிரச்சன இல்லாம தெரியும். எழுத்து சிறுசா கண்ண வலிக்க வச்சா செட்டிங்ஸ்ல வெப்பேஜஸ், அதுல ஃபொன்ட்ஸ், அங்க மினிமம் சைஸ கூட்டி விடுங்க, அப்பாவுக்கு பத்திரிக வாசிக்க நான் அப்டித்தான் வச்சிருக்கேன்.

பிரச்சன பாமினியில செஞ்ச பழைய சுற்றறிக்கைங்க. பிடிஎஃப்ல பாக்க அழகா தெரியும், அதுல இருந்து தமிழ்ங்கிற சொல்ல கொப்பி பண்ணி நோட்ல போட்டா இங்கிலிஷ் ஜே, கே, பி, ஓ, பக்கத்துல ஒரு செமிகோலன்னு வந்து நிக்கும். இது எந்த பிரௌசராலயும் சரி பண்ண ஏலாது, ஏன்னா உள்ள இருக்குறதே இங்கிலிஷ் எழுத்துதான், மேல தமிழ் முகமூடி போட்டிருக்கு. பாமினி யூனிகோட் கன்வேர்ட்டர்னு தேடி மாத்திக்கணும். இத விட கோவம் வர்றது ஒரு அரச தளத்துல, மேல தமிழ்னு பட்டன் இருக்கு, அமத்துனா தலைப்பு மட்டும் தமிழ்ல வருது, உள்ள முழுக்க சிங்களம். அதுக்கும் செட்டிங் கெடையாது.

போன்ல

ஆண்ட்ரொய்டுக்கும் இருக்கு, 2020 ஏப்ரல்ல வந்தது. விளம்பரம் தடுக்குறது, நோட்ஸ், முழு பக்க படம் எடுக்குறது எல்லாம் அதுலயும் உண்டு. அட்ரஸ் பட்டிய கீழ கொண்டு வர்ற ஒரு அமைப்பு இருக்கு, அத மொதல்ல போடுங்க, ஒரு கையில கொட புடிச்சிக்கிட்டு மறு கை பெருவெரல்ல பாக்குற நமக்கு அதுதான் சரி.

லெப்டொப்பையும் போனையும் சேக்கணும்னா சிங்க் போடணும். இங்கதான் கூடுதல் பேர் மாட்டுறாங்க. ரெண்டு பாஸ்வேர்ட் இருக்கு: ஒண்ணு கணக்குக்கு, இன்னொண்ணு டேட்டாவ பூட்டுறதுக்கு. ரெண்டாவத மறந்தா அவங்களாலயும் தொறக்க ஏலாது, பூட்டி அனுப்புனதத்தான் அவங்க வச்சிருக்காங்க, சாவி நம்மகிட்டதான். சேர்வர்ல இருக்குறத அழிச்சிட்டு புதுசா தொடங்க வேண்டியதுதான். அதனால சிங்க் செட்டிங்ஸ்லயே சாவிய ஒரு பைலா எடுத்து வைக்கிற வழி இருக்கு, எடுத்து பென்ல போட்டு வைங்க, இல்ல சாமி படத்துக்கு பின்னாடி எழுதி ஒட்டுங்க, எங்க வீட்டுல அங்கதான் இருக்கு.

வெளி கடையில பாவிக்கும்போது

டவுன்ல ஒரு கடையில பிரிண்ட் எடுக்க போனேன், பிரௌசர தொறந்ததும் யாரோ ஒரு டீச்சரோட மெயில் அப்டியே தொறந்து கெடக்கு, ஐடென்டிட்டி கார்ட் கொப்பி, சம்பள சிலிப் எல்லாம். லொக் அவுட் பண்ணி விட்டுட்டு வந்தேன். கடையில ஒக்காந்ததும் மொத வேலையா கன்ட்ரோல் ஷிஃப்ட் என் அமத்தி பிரைவேட் விண்டோவுல தொறங்க, மூடுனதும் லொகின் எல்லாம் போயிரும். இது விவால்டியிலயும் அப்டித்தான் குரோம்லயும் அப்டித்தான். ஆனா டவுன்லோட் பண்ண பைல் போகாது, அது அந்த கடை மெஷின்ல டவுன்லோட்ஸ் போல்டர்ல கெடக்கும், பிரிண்ட் எடுத்ததும் கையால அழிச்சிட்டு ரீசைக்கிள் பின்னையும் வெறுமையாக்கிட்டு எழும்புங்க.

எனக்கு புடிக்காதது

பாரம். இதோட வெளித்தோற்றம் முழுக்க வெப்பேஜ் செய்யுற அதே சாமான்ல செஞ்சது, அதனால பழைய மெஷின்ல தொறக்க குரோம விட ஒரு மூச்சு கூட எடுக்கும். 2 ஜிபி ரேம் மெஷின்ல போடாதீங்க, நான் போட்டு பாத்துட்டேன், மவுஸ் ஒரு பக்கம் அம்பு ஒரு பக்கம் போச்சு. செட்டிங்ஸும் அளவுக்கு மிஞ்சி இருக்கு, மொத வாரம் எதையாவது அமத்தி டேப் பட்டி மொத்தமா காணாம போகும், பயப்படாதீங்க, எஃப்2 அமத்தி டேப் பார்னு அடிச்சா திரும்ப வரும்.

அப்டேட் வந்தா மெனுவுல ஹெல்ப் பக்கம் போய் நீங்களே பாத்து போடலாம், அதுவும் நைட் டேட்டாவுல. நேத்து ராவு 12 அடிச்சு போட்டுட்டு படுத்தேன், காலையில பிரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கூட்டுறது) தப்பு அடிக்கிற நேரம் பாத்தா போன் சொப்பிங் பேக்கோட நனஞ்சு தொங்குது, ஜன்னல மூட மறந்துட்டேன். அப்டேட் மட்டும் முடிஞ்சிருந்துச்சு.